பின்சக்கரம் மட்டும்

— கேட்ட மறிச்சுப் போட்டிருக்குற நாற்காலிய எடுங்க ஜெல்மீராக்கா. லாரி உள்ள வரணும்.

— எடுக்க மாட்டேன் கோர்னெல். விறக கேட்டுக்கு வெளியிலயே கொட்டிட்டுப் போ.

— நீங்க இப்ப ஆஸ்திரியாவுல இல்ல இருக்கணும்? ரெண்டு வாரம் அங்க, ரெண்டு வாரம் இங்க. இது அங்க இருக்குற வாரமாச்சே.

— நான் ஊர்ல இல்லாத வாரமாப் பாத்துத்தான் வருஷா வருஷம் விறகு வருது. இந்தத் தடவ என் கண்ணால பாக்கணும்னு அங்க என்கூட மாத்தி மாத்தி வேல பாக்குற யார்மிலாகிட்ட கெஞ்சி முறைய மாத்திக்கிட்டு வந்திருக்கேன்.

— திருடனப் புடிக்க வந்த மாதிரியில்ல பேசுறீங்க. அண்ணன் எங்க?

— முடிவெட்ட டவுனுக்குப் போயிருக்காரு. அவர வச்சு என்னைய மடக்கலாம்னு பாக்காத. போன வருஷம் நான் திரும்பி வந்தப்ப இந்தப் பாதையில நீளமா ரெண்டு பள்ளம். கேட்டா, பனியில மண்ணு உப்பி அமுங்கிருச்சுங்கிறாரு என் வீட்டுக்காரரு வென்டெலீன். பனி உன் டயருக்கு அளவெடுத்துக்கிட்டா வந்துச்சு?

— அண்ணன் அப்படியா சொன்னாரு?

— கேளு. பன்னெண்டு வருஷம் அடுத்தவங்க வீட்டுப் பெருசுங்களக் குளிப்பாட்டி, துணி மாத்தி, அந்தக் காசுல போட்ட கல்லு இது. இந்த வசந்தத்துல அத்தனையும் பேத்தெடுத்தேன். முழங்கால் ஆழம் தோண்டி ஜல்லி கொட்டி, அதிருற மெஷின வாடகைக்கு எடுத்து இறுக்கி, ஒவ்வொரு கல்லா நானே பதிச்சேன். இடுப்பு இன்னும் நேராகல. காரு போகலாம். உன் பத்து டன்னு லாரி போகாது.

— சத்தியமாப் பதனமா வர்றேன். நாலு கனத்த பலகை வச்சிருக்கேன். விரிச்சுப் போட்டு அது மேல ஏத்துறேன்.

— மூணு நாளா மழ. பலகையும் சேந்து அமுங்கும்.

— சரி, ரிவர்ஸ்ல வர்றேன். பின்சக்கரம் மட்டும்தான் உள்ள.

— பாரம் பூரா பின்சக்கரத்துலதான இருக்கு. யாருக்குக் காது குத்துற?

— எட்டு கன மீட்டர் விறகுக்கா. ஈரம் காயாத ஓக்கு மரம், இரும்பு கனம். இங்கருந்து கொட்டகை வரைக்கும் மேடு வேற. அண்ணன் எப்படிக் கொண்டு போவாரு?

— கைவண்டி இருக்கு. கல்யாணமான நாள்லருந்து அவருதான தள்ளுறாரு. இந்த வருஷம் மட்டும் என்ன வந்துச்சு?

— போன வருஷமும் நான் வெளியிலதான்க்கா கொட்ட ஆரம்பிச்சேன்.

— அப்புறம் பள்ளம் எப்படி வந்துச்சு?

— அண்ணன் மூணாவது நடை தள்ளிக்கிட்டுப் போனாரு. பாதி வழியில கல்லு மேல உக்காந்துட்டாரு. உதடெல்லாம் நீலம். சட்டைப் பையிலருந்து ஒரு மாத்திரைய எடுத்து நாக்குக்கு அடியில வச்சாரு. பழகின கை. அதப் பாத்துட்டு நான் எப்படி வெளியில கொட்டுறது? மிச்சத்த உள்ளயே கொண்டுபோய்க் கொட்டினேன். கல்லு அமுங்குற சத்தம் எனக்கும் கேட்டுச்சு.

— மாத்திரையா?

— உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு கையப் புடிச்சுக்கிட்டாரு. தெரிஞ்சா வேலைய விட்டுட்டு வந்துருவீங்களாம். பனி மேல பழியப் போட்டுக்கிறேன், நீ வாயத் தொறக்காதன்னாரு.

— நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை எதுக்குன்னு எனக்குத் தெரியும் கோர்னெல். வியன்னாவுல நான் பாத்துக்குற கிழவருக்கு நெஞ்சுவலி வந்தா நாந்தான் வச்சு விடுறேன்.

— மன்னிச்சிருங்கக்கா. இப்பவாவது உள்ள வரட்டுமா?

— வேண்டாம். வெளியிலயே கொட்டு.

— அக்கா, நான் இவ்வளவு சொன்னதுக்கு அப்புறமுமா?

— நான் தள்ளிக்கிறேன். ஒரு மாசம் ஆனாலும் சரி. அந்தக் கிழவரோட மகளுக்கு இன்னைக்கே போன் பண்ணி, வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிடுறேன். பாத்துக்க எனக்கு என் வீட்டுலயே ஒருத்தர் இருக்காரு.