மேல்கோடு

வரிகள் சீராக இல்லாவிட்டால் எனக்குக் கண் உறுத்தும், சார். தொழில் அப்படி. இயந்திரங்களுக்குக் கையேடு தயாரிக்கும் பிரிவில் இருக்கிறேன். பக்கத்து மேசைக்காரன் என் மனைவியின் தம்பி. அவனுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். போன வருடம் அவனை எனக்கே மேலதிகாரி ஆக்கினார்கள். என் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. நானும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தேன்.

தகடு அழுத்தும் இயந்திரத்தின் கையேட்டை எழுதியவன் அவன். அதில் 'பூட்டு' என்று ஒரு சிக்னல் வரும். பெயரின் தலைக்கு மேல் ஒரு கோடு இருக்கும். கோடு இருந்தால், அந்த சிக்னல் கம்பியில் மின்சாரம் இல்லாதபோதுதான் இயந்திரம் பூட்டியிருக்கிறது என்று பொருள். கோட்டை எடுத்துவிட்டால் அர்த்தம் நேர் எதிர். எங்கள் மென்பொருளில் அந்தக் கோட்டைப் போடுவது டேக் என்கிற ஒரு சின்னக் குறியீடு. போட்டால் அந்த வரி மட்டும் கொஞ்சம் இறங்கிவிடும்.

"வரி கோணினா கோணட்டும் மாமா. அந்த டேக்ல மட்டும் கை வச்சிடாதீங்க. ஆளையே காவு வாங்கிடும்" என்றான்.

"சரிப்பா" என்றேன்.

அச்சுக்குப் போகுமுன் எடுத்துவிட்டேன். பக்கம் லட்சணமாக உட்கார்ந்தது. முதல் பக்கத்தில் அவன் பெயர் இருந்தது.

ஒரு மெக்கானிக் அந்தக் கம்பியில் மீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறார். மின்சாரம் இருந்தது. பூட்டியிருக்கிறது என்று நம்பிக் கையை உள்ளே விட்டார். மணிக்கட்டோடு போயிற்று. செய்தி வந்தபோது மைத்துனன் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டான். மெக்கானிக்கின் அசட்டைதான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். கையேட்டை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. பாவம், அவர் புத்தகத்தில் உள்ளபடிதானே செய்தார்.

இன்னொரு தொழிற்சாலையின் மெக்கானிக் குனிந்து தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் புத்தகத்தைத் திறந்தார்கள். நீங்களும் வந்து மைத்துனனைக் கைது செய்து அழைத்துப்போனீர்கள்.

என் மனைவி சாப்பிடுவதில்லை. "எந்தம்பி அப்படிச் செய்வானா, சொல்லுங்க" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். செய்யமாட்டான் என்றேன். அவளிடம் நான் பொய் சொல்வதில்லை.

உங்கள் அறிக்கையைப் படித்தேன். 'கவனக்குறைவால் விடுபட்ட டேக்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்திக்கொள்ளுங்கள், சார். என் கையில் எதுவும் கவனக்குறைவால் விடுபட்டதில்லை. முதல் விபத்தன்றே கோட்டைத் திரும்பப் போட்டு எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் அனுப்பியிருக்கலாம். ஒரு ஆள் போதவில்லை. இன்னொருவருக்காகக் காத்திருந்தேன்.