பூஜையில் வைத்த காந்தப் பெட்டி

— பூஜையில வெச்சதைத் தொட்டா கை அழுகிடும்னு பிள்ளைங்ககிட்ட சொன்னீங்களா, மேடம்?

— சொன்னேன். அதனாலதான் பொருள் உருப்படியா இருக்கு. மைசூர் சுத்துவட்டாரத்துல எத்தனை அங்கன்வாடிக்கு, பிள்ளைங்க ஒட்டவெச்சுக் கட்டி விளையாட, இந்தக் காந்த டைல்ஸ் குடுத்தாங்க? எல்லா இடத்துலயும் நாசம். உன் கண்ணாடி பீரோவுல மட்டும்தான் பெட்டி புதுப்பொண்ணு மாதிரி உட்கார்ந்திருக்கு. ஏன்? ஆயுத பூஜையன்னிக்கு சூப்பர்வைசர் வேதாவதி, என் கையால குங்குமம் வெச்சது. நோட் பண்ணிக்கோ.

— ஆயுத பூஜை தசராவோட முடிஞ்சுது, மேடம். இப்ப யுகாதிக்கு வேப்பம்பூ பறிக்கப் போறோம்.

— அதனால?

— எங்க வீட்டுக்காரர் அன்னிக்கு ஆட்டோவுக்கும்தான் குங்குமம் வெச்சார். மறுநாள் காலையில சவாரிக்குப் போயிட்டார். பீரோவுல ஏத்தி வைக்கல.

— வாய், கௌரம்மா, வாய்! டீச்சர் வேலைக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு வாய் போதும்.

— விளையாட வந்த சாமானை விளையாடக் குடுங்கன்னுதானே கேக்கறேன்.

— தானம் குடுத்த கம்பெனிக்காரங்க நாளைக்கு வராங்க. ஒரு கீறல் இருக்கக் கூடாது. நோட் பண்ணிக்கோ.

— பிள்ளைங்களுக்கு முட்டையும்தான் வருது. ஓடு உடையும்னு அதையும் பீரோவுல வெச்சுப் பூட்டிடலாமா?

— காட்டோரமா ஒரு அங்கன்வாடி காலியா கிடக்கு, தெரியுமா? வாசலுக்கே யானை வரும். உன்னை அங்க மாத்த என் கையெழுத்து ஒண்ணு போதும்.

— போடுங்க, மேடம். யானை, பிள்ளைங்க பொம்மையப் பிடுங்கிப் பூட்டி வைக்காது.

— அந்தப் பொம்மையில அப்படி என்னதான் கத்துக்கப் போறாங்க? ஏய் பாப்பா, இங்க வா. பேரென்ன?

— இம்பனா.

— ஒண்ணு ரெண்டு சொல்லு, பார்ப்போம்.

— ரெண்டு முக்கோணம் சேர்த்தா ஒரு சதுரம்.

— அதையா கேட்டேன்?

— அது ஜன்னல் கம்பியில ஒட்டும். எவர்சில்வர் தட்டுல ஒட்டாது.

— எது ஒட்டும்? என்ன சொல்றா இவ?

— பல்லியச் சொல்றா, மேடம்.

— பல்லி இல்ல மிஸ்...

— இம்பனா, கடலை மிட்டாய் தின்னும்போது பேசக் கூடாது.

— கோபுரம் கட்டணும்னா கீழ அகலமா வைக்கணும். இல்லேன்னா தொபால்னு விழும்.

— பல்லி கோபுரமும் கட்டுமா, கௌரம்மா?

— மைசூர்ப் பல்லி, மேடம். அரண்மனையப் பார்த்து வளர்ந்தது.

— இரு, போன் வருது. ஹலோ... நமஸ்காரா சார். எல்லாம் தயார் சார், பெட்டி பளபளன்னு... என்னது? பெட்டி வேண்டாமா? பிள்ளைங்க கட்டறதை வீடியோ எடுக்கணுமா? தரையில தட்டையா அடுக்கி... ஒரே தூக்குல வீடா நிக்கணுமா? ஐயோ, அதெல்லாம் செய்வாங்க சார். தினமும் அதுதானே வேலை. சரி சார், வெச்சுடறேன்.

— தினமுமா, மேடம்?

— சிரிக்காதம்மா. தினமும் விளையாடறாங்கன்னு மாசாமாசம் நான்தான் சொல்லிட்டு இருந்தேன். இப்ப மானம் போகப் போகுது. நாளைக்குள்ள எப்படிக் கத்துக் குடுப்பே?

— கத்துக் குடுக்கலாம். ஆனா கை அழுகிடுமே.

— கௌரம்மா!

— நாளைக்கு வீடியோவுல வீடு நிக்கும். அதுக்கு நான் பொறுப்பு. ஆனா இனிமே அந்த பீரோவுக்குப் பூட்டு கிடையாது. கை அழுகாதுன்னு நீங்களே பிள்ளைங்ககிட்ட சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்.

— நானா? இந்தப் பொடிசுங்ககிட்டயா?

— இல்லேன்னா கையெழுத்துப் போட்டுக் குடுங்க. யானைகிட்டப் போயி நான் பேசிக்கறேன்.

— சரி, சரி! பாப்பா இம்பனா, இங்க பாரு. கை எல்லாம் அழுகாது. மேடம் சும்மா சொன்னேன். போதுமா? தள்ளு, பெட்டிய நானே எடுக்கறேன்.

— அழுகாதுன்னு எங்களுக்கு தசரா மறுநாளே தெரியும், மேடம். ஒத்தக் கையால இழுக்காதீங்க, கால்ல விழும். உள்ள செங்கல்தான் இருக்கு.