சத்தத்தை அணைத்துவிட்டு ஒட்டிய சிவப்புப் புள்ளி

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, என்னை மேடைக்கு அழைக்கும் முன் கைக்கடிகாரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்ட பெற்றோர் சங்கத் தலைவர் அவர்களே! மேசை மணியின் மீது விரலை வைத்தபடி வீற்றிருக்கும் செயலாளர் அவர்களே! பகலெல்லாம் பாடம் நடத்தித் தொண்டை வறண்டு, மாலையில் எங்களுக்காக நாற்காலியும் தூக்கிப் போட்ட ஆசிரியப் பெருமக்களே! வேலையிலிருந்து நேராக வந்து, பசியை மறைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் தந்தையரே! மடியில் தூங்கும் பிள்ளை விழித்துவிடுமே என்று கைதட்டவும் தயங்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் பெரியவர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

வணக்கம் சொல்லியாயிற்று. இனி என் கோபத்தைச் சொல்கிறேன்.

நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். இந்தப் பள்ளியில் முதல் வகுப்பு படிக்கும் ஒரு சிறுமிக்குத் தாய்மாமன். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். ஒரு நிமிடம் ஓரிடத்தில் இருக்கமாட்டாள், அதனால் வாலு. அந்த வாலு ஒரு வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சலா? இல்லை. கணக்குப் பாடம் கசந்துவிட்டதா? அதுவும் இல்லை. ஒரு புள்ளி! சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சிவப்புப் புள்ளி! அந்தப் புள்ளி அவளை வீட்டு மூலையில் உட்கார வைத்திருக்கிறது.

அந்தப் புள்ளி எங்கிருந்து வந்தது? இதோ, இதிலிருந்து வந்தது. பளபளக்கும் காகிதம், பல வண்ண அட்டை. "பாலத்தடி நண்பர்கள்: பாத்திரங்கள் குறித்துப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி." நம் சங்கம் தயாரித்தது. முதல் வகுப்பில் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். எல்லா வகுப்புக்கும் கொடுப்பதா என்று இன்று கை தூக்கச் சொல்லப் போகிறார்கள். நீங்கள் கை தூக்குவதற்கு முன்னால் நான் வாய் திறக்கிறேன்.

"பாலத்தடி நண்பர்கள்" தெரியாதவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஐயா, நீங்கள் ஒருவர்தான் கை தூக்குகிறீர்கள். கொடுத்து வைத்தவர்! உங்கள் வீட்டு டிவி இன்னும் உங்கள் வசம் இருக்கிறது. உங்களுக்காகச் சொல்கிறேன். அது குழந்தைகளின் கார்ட்டூன் தொடர். ஒரு பாலம், பாலத்தின் அடியில் ஒரு கால்வாய், கால்வாய்க் கரையில் குடியிருக்கும் விலங்குகள். நம் பிள்ளைகளுக்கு அவைதான் அண்ணன், அவைதான் அக்கா, அவைதான் அக்கம்பக்கம்.

இந்த வழிகாட்டி அந்த விலங்குகளுக்குப் புள்ளி வைத்திருக்கிறது. பச்சைப் புள்ளி என்றால், பிள்ளை இதைப் பார்த்து நடக்கலாம். மஞ்சள் என்றால், பெற்றோர் பக்கத்தில் இருக்க வேண்டும். சிவப்பு என்றால், இதைப் போல நடக்கும் பிள்ளையைக் கண்டிக்க வேண்டும். படம் போட்ட பொருளை வாங்கித் தரக் கூடாது.

நல்ல யோசனைதானே என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு பக்கத்தைப் புரட்டினேன்.

பஞ்சுமுயலுக்குப் பச்சை. "வெள்ளை வெளேரென்று இருக்கும். நிமிர்ந்து நிற்கும். எப்போதும் சிரித்த முகம்." கண்ணாடி போட்ட ஆந்தைக்குப் பச்சை. "அறிவாளி. குழந்தைகள் அறிவுத் தாகம் பெறுவர்." சேற்றுக்கால் பெருச்சாளிக்குச் சிவப்பு. "இவன் அழுக்கானவன். சாக்கடைக் குழாய்களில் நுழைபவன். எந்நேரமும் உரக்கக் கத்துபவன். குழந்தைகளை இவனிடமிருந்து விலக்கி வையுங்கள்."

தாய்மார்களே, பிள்ளையோடு உட்கார்ந்து இந்தத் தொடரைப் பார்த்தவர்கள் நீங்கள்தான். சொல்லுங்கள், சேற்றுக்கால் "இவனா"? கேட்டீர்களா தலைவர் அவர்களே, சிரிப்பை? அது பெண்ணய்யா, பெண்! மூன்று குட்டிகளுக்குத் தாய்! கட்டைக் குரலில் பேசும் ஒரு பெண் பெருச்சாளி! குழந்தைக்குத் தெரிந்தது வழிகாட்டிக்குத் தெரியவில்லையே, எப்படி?

எனக்கு மண்டை குடைந்தது. நம் செயலாளரை அவர் அலுவலகத்துக்கே போய்ப் பார்த்தேன்.

"சார், இந்தப் பெருச்சாளிக்கு ஏன் சார் சிவப்பு?"

"தம்பி, மூஞ்சியப் பாருங்க. உடம்பெல்லாம் சேறு. எப்பப் பாத்தாலும் வாயப் பொளந்துகிட்டுக் கத்துது."

"என்னன்னு சார் கத்துது?"

"அது தெரியாது தம்பி."

"தெரியாதா?"

"மதியம் சாப்பாட்டு நேரத்துல இங்கதான் கமிட்டி உக்காந்து பாத்தோம். பக்கத்து ரூம்ல மேனேஜர் இருக்காரு. சத்தம் வைக்க முடியுமா? மியூட்ல போட்டுட்டோம். ஆனா ஒரு பகுதி விடல தம்பி, முழுசாப் பாத்துட்டோம்!"

சிரிக்காதீர்கள் அம்மா! நானும் அன்று சிரித்தேன். படியிறங்கி வருவதற்குள் சிரிப்பு செத்துவிட்டது. என்ன செயலாளர் அவர்களே, நான் கூட்டிச் சொல்கிறேனா? இல்லை என்று தலையாட்டுகிறார். நேர்மையானவர். நேர்மையாகவே ஒரு தவறைச் செய்து, அதை நேர்மையாகவே அச்சடித்துக் கொடுத்தவர்!

சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தால் எது நல்லதாகத் தெரியும்? வெள்ளை நல்லதாகத் தெரியும். சிரிப்பு நல்லதாகத் தெரியும். மூக்குக் கண்ணாடி அறிவாகத் தெரியும். சத்தத்தை வைத்துப் பாருங்கள்! பஞ்சுமுயல் சிரித்துக்கொண்டே என்ன சொல்கிறது? "அணில்தான் கேரட்டைத் திருடிச்சு, நான் பாத்தேன்" என்கிறது. திருடியது யார்? பஞ்சுமுயல்! நம் ஆந்தை இருக்கிறாரே அறிவாளி, அவர் ஒவ்வொரு பகுதியிலும் பேசுவது ஒரே ஒரு வசனம். பின்வரிசையில் ஒரு பையன் சொல்கிறான், மைக்கில் கேட்கட்டும், இன்னொரு முறை சொல்லுடா... "இது யார் வீடு?" அதேதான்! தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு அதைக் கேட்கும் ஆந்தைக்குப் பச்சை!

சேற்றுக்கால் வாயைப் பிளந்து என்ன கத்துகிறாள்? மழை பெய்து கால்வாய் பொங்கும்போது, குழாய்க்குள்ளிருந்து தலையை நீட்டி, கரையில் இருக்கும் அத்தனை குஞ்சு குருமான்களுக்கும் கேட்கும்படி கத்துகிறாள். "தண்ணி வருது! மேல ஏறு!" அதுதான் அவள் கத்தல். அடைப்பை எடுப்பவள் அவள். ஆபத்தை அறிவிப்பவள் அவள். அவள் கத்தாத நாளில் பஞ்சுமுயலின் வெள்ளை வீடு வெள்ளத்தில் போகும். அந்தக் கத்தலைக் காதில் வாங்காமல், வாயை மட்டும் பார்த்துச் சிவப்பு வைத்தீர்களே, இது நியாயமா? சத்தத்தை அணைத்தவன் எழுதிய சான்றிதழை என் வீட்டுப் பிள்ளை சுமக்க வேண்டுமா?

ஏன் என் வீட்டுப் பிள்ளை? சொல்கிறேன்.

என் அக்கா, வாலுவின் அம்மா, கழிவுநீர்ப் பிரிவில் வேலை செய்கிறாள். சாக்கடைக் குழிக்குள் ஆள் இறங்கும்போது மேலே கயிறு பிடிப்பவள் அவள். கீழே போனவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். இருட்டும் இரைச்சலும்தான் தெரியும். அதனால் இடைவிடாமல் குழிக்குள் குனிந்து கத்துவாள். "இருக்கியா?" கீழேயிருந்து பதில் வரும். "இருக்கேன்!" மறுபடி, "இருக்கியா?" மறுபடி, "இருக்கேன்!" பதில் வரவில்லை என்றால் யோசிக்கமாட்டாள், யாரிடமும் கேட்கமாட்டாள். கயிற்றை இழுப்பாள். கத்திக் கத்தி அவள் குரல் கட்டைக் குரலாகிவிட்டது. சேற்றுக்காலை முதன்முதல் டிவியில் பார்த்த அன்று வாலு துள்ளிக் குதித்தாள். "மாமா! அம்மா டிவில வருது!" அடம்பிடித்துச் சேற்றுக்கால் படம் போட்ட பையையே வாங்கிக்கொண்டாள்.

அந்தப் பையோடுதான் பள்ளிக்கு வந்தாள். ஒரு நாள் வகுப்பில் யாரோ தண்ணீர்ப் பாட்டிலைத் தட்டிவிட்டார்கள். பெஞ்சுக்கு அடியில் தண்ணீர் ஓடியது. வாலு என்ன செய்தாள்? எழுந்து நின்றாள். தொண்டை கிழியக் கத்தினாள். "தண்ணி வருது! மேல ஏறு!" வகுப்பு முழுவதும் பெஞ்சு மேல் ஏறிவிட்டது! சிரிக்கிறீர்கள். சிரிக்கத்தான் வேண்டும். ஆறு வயதுப் பிள்ளையின் விளையாட்டு அது. ஆனால் அன்று மேசை மேல் இந்த வழிகாட்டி இருந்தது. கூடவே நீங்கள் கொடுத்த ஸ்டிக்கர் தாளும் இருந்தது. டீச்சர் திறந்து பார்த்தார். "உரக்கக் கத்துபவன்." எடுத்தார், ஒட்டினார். பையின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி.

டீச்சரை மட்டும் குறை சொல்ல நான் வரவில்லை. கையில் புள்ளியைக் கொடுத்துவிட்டு ஒட்டாதே என்றால் யார் கேட்பார்கள்?

பிள்ளைகளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "சிவப்புப் புள்ளி வருது, தள்ளி உக்காரு!" மறுநாள் பெஞ்சில் அவள் தனி. சாப்பாட்டு நேரத்தில் அவள் தனி.

அன்று மாலை வீட்டில் வாலு ஒரு கரண்டியை வைத்துப் புள்ளியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நல்ல பசை, வரவில்லை. துணிதான் கிழிந்தது. அக்கா வேலை முடிந்து உள்ளே வந்ததும் பையைக் கதவுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு ஓடிப்போய் அவளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். முதுகைப் பார்த்தாள், கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"என்னடி தேடுற?"

"அம்மா, உனக்கு எங்க ஒட்டியிருக்காங்க?"

"என்னத்தை?"

"சிவப்புப் புள்ளி. உன்ன மாதிரி நடக்கக் கூடாதாம். டீச்சர் சொன்னாங்க."

என் அக்கா எதற்கும் அழாதவள். அன்றும் அழவில்லை. "எனக்கு ஒட்டினா எங்கடி நிக்கும்? உடம்பெல்லாம் சேறு, வழுக்கிட்டுப் போயிரும்" என்று சிரித்தாள். சிரித்துவிட்டுக் குளியலறைக்குள் போனாள். குழாய் ஓடியது. ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. வெளியே நின்ற எனக்குத் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அந்த ஒரு சத்தத்தை இங்கே யாராலும் அணைக்க முடியாது!

மணி அடிக்கிறது. அடியுங்கள் செயலாளர் அவர்களே, நன்றாக அடியுங்கள். உங்களுக்குச் சத்தம் பிடிக்க ஆரம்பித்ததே எனக்கு மகிழ்ச்சி!

கேட்கிறேன் உங்களை. காலையில் நீங்கள் திறக்கும் குழாய், கழுவும் கை, கண்ணுக்குத் தெரியாமல் காணாமல் போகும் உங்கள் வீட்டுக் கழிவு, இவையெல்லாம் எங்கே போகின்றன? யார் நின்று பார்க்கிறார்கள்? அழுக்கை ஆக்குகிறவருக்குப் பச்சை, அழுக்கை அகற்றுகிறவளுக்குச் சிவப்பா? சேறு பட்ட காலுக்குச் சிவப்பு என்றால், சேற்றைப் பார்க்காமலே வாழ்கிற நமக்கு என்ன நிறம்? பிள்ளைகளுக்கு நல்லது கெட்டது சொல்லிக்கொடுக்கப் புறப்பட்டோம். சொல்லிக்கொடுத்தது என்ன? முகத்தைப் பார், முடிவு செய். உடையைப் பார், ஒதுங்கி உட்கார். வாயைப் பார், வார்த்தையைக் கேட்காதே. இதைத்தான் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி வைத்திருக்கிறோம்!

"கார்ட்டூனுக்கு இவ்வளவு கோபமா தம்பி" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்கிறார். கார்ட்டூனுக்கு இல்லை ஐயா. பெருச்சாளிக்குப் புள்ளி வைத்தால் பெருச்சாளிக்கு வலிக்காது. ஒரு பிள்ளை தன் தாயின் முதுகில் புள்ளியைத் தேடினாளே, அதற்குத்தான் கோபம்.

என் அக்கா இங்கேதான் இருக்கிறாள். கடைசியில், கதவோரம், வேலை உடையிலேயே நிற்கிறாள். திரும்பிப் பார்க்க வேண்டாம். காட்சிக்கு வைக்க நான் அவளை அழைத்து வரவில்லை. அவள் கேள்வியைத்தான் கடன் வாங்கி வந்திருக்கிறேன். வாலு ஒரு வாரமாகக் குழிக்குள் இருக்கிறாள். மேலே கயிறு பிடிக்க வேண்டியவர்கள் நீங்கள். இந்த மண்டபத்தைப் பார்த்துக் கேட்கிறேன்.

இருக்கீங்களா?

பதில் இல்லை. மின்விசிறிச் சத்தம்தான் கேட்கிறது. இன்னொரு முறை கேட்கிறேன். இருக்கீங்களா?

ஒரு குரல் வருகிறது. யார் அது? டீச்சரா? எழுந்து நிற்பது வாலுவின் வகுப்பு டீச்சரா? "இருக்கேன்" என்றீர்களா, சத்தமாகச் சொல்லுங்கள் டீச்சர்! அவர் சொல்கிறார், கேளுங்கள். "ஒட்டினது நான்தான். தப்புன்னு தெரிஞ்சும் எடுக்கல." நன்றி டீச்சர். நீங்கள் பேசியதால் என் கோபம் குறையவில்லை. ஆனால் அது தனியாக இல்லை.

சரி, பேச்சு போதும். பதில் குறைவாக வந்தால் என் அக்கா என்ன செய்வாளோ அதை நான் செய்கிறேன். கயிற்றை இழுக்கிறேன். தலைவர் அவர்களே, அந்தத் தண்ணீர் டம்ளரைக் கொஞ்சம் நகர்த்துங்கள், இடம் வேண்டும். இதோ வாலுவின் பை. சேற்றுக்கால் படம் இருக்கிறது, சிவப்புப் புள்ளி இருக்கிறது, கரண்டி கிழித்த கிழிசலும் இருக்கிறது. இதை நான் வீட்டுக்கு எடுத்துப் போகமாட்டேன். ஆறு வயது விரல் சுரண்டியது போதும். இந்தச் சங்கம் வைத்த புள்ளியை இந்தச் சங்கமே எடுக்கட்டும். வழிகாட்டியைத் திரும்பப் பெறுங்கள். வேண்டுமானால் புதிதாக எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சத்தத்தை வைத்துக்கொண்டு எழுதுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

திங்கட்கிழமை காலையில் வாலு வருவாள். வெறுங்கையோடு பள்ளி வாசலுக்கு வருவாள். இந்தப் பையை அவள் தோளில் மாட்டிவிடுவது உங்கள் கையாக இருக்கட்டும் தலைவர் அவர்களே. அப்போது அவள் தொண்டை கிழிய எதையாவது கத்துவாள். காதைப் பொத்தாதீர்கள். என்ன சொல்கிறாள் என்று கேளுங்கள்.

மணி அடித்தும் என்னை நிறுத்தாத செயலாளருக்கும், டம்ளரை நகர்த்திய தலைவருக்கும், எழுந்து நின்ற டீச்சருக்கும், தூங்கும் பிள்ளை விழித்தாலும் பரவாயில்லை என்று இப்போது கைதட்டும் தாய்மார்களுக்கும் என் நன்றி. கதவோரம் நிற்கும் என் அக்காவுக்கு முதல் வணக்கம். மற்ற அனைவருக்கும் அதற்கு அடுத்த வணக்கம்.