இரண்டு மணிக்கு வராத பதில்

இரவு ஒன்றரை மணி. மலையை ஒட்டி ஒரு சாலை, ஆள் அரவமே கிடையாது... இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், இதைச் சத்தமாகச் சொல்ல எனக்கே பிடிக்காது. என் நண்பனுடைய மாமாவுக்கு நடந்தது. போர்க்காலம். காலாட்படையில் அவர் வயர்லெஸ்காரர். முதுகில் செட், காதில் ஹெட்போன், சட்டைப்பையில் பென்சில்.

சாலையோரப் பதுங்குகுழிதான் அவருடைய ஆபீஸ். ஈரச் சாக்கு, மண்ணெண்ணெய், மூன்று நாள் கழற்றாத காலுறை... நாற்றத்துக்குக் குறைவில்லை. இரண்டு கிலோமீட்டர் முன்னால், எதிரியின் மூக்குக்கடியில், ஒருவன் தனியாகப் படுத்து வேவு பார்க்கிறான். ஒல்லி என்று கூப்பிடுவார்கள். ஜோடியாகப் போகவேண்டிய வேலை, கூட்டாளிக்குக் காய்ச்சல். மாமாவும் ஒல்லியும் ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள்.

அங்கே வாயைத் திறந்தால் தீர்ந்தது கதை. அதனால் ஓர் ஏற்பாடு. அரைமணிக்கு ஒருமுறை மாமா மெல்லக் கூப்பிடுவார். ஒல்லி பேசமாட்டான், தன் செட்டின் ஸ்விட்சை இரண்டு தடவை அழுத்துவான். மாமாவின் காதில் எப்போதும் 'ஸ்ஸ்ஸ்...' என்று ஓர் இரைச்சல். அந்தப் பக்கம் ஸ்விட்சை அழுத்தினால் அது சட்டென்று நிற்கும், விட்டால் திரும்ப வரும். இரண்டு தடவை நின்றால், நலம். பதிலே இல்லையென்றால் உடனே அதிகாரியை எழுப்பவேண்டும், ஒல்லியைத் தேடி ஆள் ஓடும். அவ்வளவுதான் வேலை.

ஒன்றரைக்குப் பதில் வந்தது. பதிவேட்டில் 'சரி' என்று எழுதினார். தூரத்தில் பீரங்கி முழங்கிக்கொண்டே இருந்தது, அது தினமும் கேட்பதுதான். ஒரே ஒரு நிமிடம்... கண்ணை மூடினார்.

பூட்ஸ் சத்தத்தில் விழித்தபோது மணி மூன்றரை. வெளியே மழை கொட்டி ஓய்ந்திருந்தது. அதிகாரி குழிக்குள் இறங்குவதற்குள் பென்சிலைப் பிடித்தார். இரண்டு மணிக்குச் சரி. இரண்டரைக்குச் சரி. மூன்றுக்கும் சரி. கை கூசவில்லையா என்று என் நண்பன் பிற்பாடு அவரைக் கேட்டிருக்கிறான்.

"கூசுச்சுடா. கூசிக்கிட்டேதான் எழுதினேன்."

அதிகாரி பதிவேட்டைப் பார்த்தார். "எல்லாம் சரியா?"

"சரி சார். மூணு மணிக்குக்கூட பதில் குடுத்தான்."

"எங்க, இப்பக் கூப்பிடு பாப்போம்." ஹெட்போனில் ஒரு பக்கத்தைத் தன் காதில் வைத்துக்கொண்டார்.

மாமா மறுபக்கத்தைத் தன் காதோடு அழுத்திக்கொண்டார். கூப்பிட்டார். ஸ்ஸ்ஸ்... நின்றது. ஸ்ஸ்... மறுபடி நின்றது. அதிகாரி தலையாட்டிவிட்டுப் போனார். மாமாவுக்குப் போன உயிர் திரும்பியது. பயல் என் மானத்தைக் காப்பாற்றிவிட்டான் என்று நினைத்தாராம். இந்த இடத்தைச் சொல்லும்போது மட்டும் அவர் யார் முகத்தையும் பார்க்கமாட்டார்.

அதற்குப் பிறகு ஓர் அரைமணிகூடத் தவறவில்லை. பதிலும் தவறவில்லை. ஐந்து மணிக்கு மட்டும்... அவர் கூப்பிடுவதற்கு முன்பே வந்தது.

விடிந்ததும் ஒல்லியை அழைத்துவர அதிகாரியே நாலு பேரோடு கிளம்பினார். செட்டைச் சுமந்துகொண்டு மாமாவும். பாதி வழியில் இரைச்சல் நின்றது. திரும்ப வரவேயில்லை. தூக்கக் கலக்கத்தில் ஸ்விட்சை அழுத்திக்கொண்டே கிடக்கிறான் போல என்று மாமா நடந்தார்.

ஒல்லி கவிழ்ந்து கிடந்தான். தொடையில் பீரங்கிக் குண்டின் சில்லு. தன் பெல்ட்டைக் கழற்றித் தொடையை இறுக்கிக் கட்டியிருந்தான். யாராவது வருவார்கள் என்று கட்டிய கட்டு. கூட வந்த முதலுதவிக்காரர் அவனைப் புரட்டினார். விறைத்துப் போயிருந்தான். அவனுக்கு அடியில் இருந்த மண் காய்ந்து கிடந்தது.

"மழை பிடிச்சது ரெண்டரைக்கு. இவன் அதுக்கு முன்னாலயே விழுந்துட்டான்," என்றார். "மூணு மணி வரைக்கும் உயிர் இருந்திருக்கும் சார். ரெண்டு மணிக்கே ஆள் வந்திருந்தா... பொழைச்சிருப்பான்."

பக்கத்தில் அவனுடைய செட். அதே குண்டு அதையும் விடவில்லை. பேட்டரிப் பெட்டி இரண்டாகப் பிளந்திருந்தது. ஆனாலும் கட்டை விரல் ஸ்விட்சை அழுத்தியபடியே இருந்தது. முதலுதவிக்காரர் அந்த விரலைக் கஷ்டப்பட்டுப் பிரித்தெடுத்தார்.

மாமாவின் காதில் 'ஸ்ஸ்ஸ்...' என்று இரைச்சல் திரும்பியது.

அதிகாரி உடைந்த செட்டைப் பார்த்தார். அப்புறம் மாமாவைப் பார்த்தார்.

"மூணரைக்கு வந்த பதில நானே கேட்டேன். அது எப்படின்னு எனக்குத் தெரியல, கேக்கவும் பயமா இருக்கு. ஒண்ணே ஒண்ணு சொல்லு. ரெண்டு மணிக்குப் பதில் வந்துச்சா?"

சொல்லியிருக்கலாம். அந்த பெல்ட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். உண்மை தொண்டைவரை வந்தது... நாலு பேர் முன்னால் தலைகுனிய வேண்டுமே என்ற வெட்கம் அதை அப்படியே அமுக்கிவிட்டது.

"வந்துச்சு சார்."

ஸ்விட்ச் எல்லோர் கண்ணெதிரிலும் தரையில் கிடந்தது. ஒருவரும் அதைத் தொடவில்லை. மாமாவின் காதில் இரைச்சல் நின்றது.