ஏகாம்பரம் மாமாவின் விளக்கெண்ணெய்க் கை

இரவு ஒரு மணி. பாரிவாக்கம் ரோடு. நாய்கூடக் குரைக்கவில்லை... பாடி ஃபாக்டரியில் ஷிப்டு முடித்துவிட்டு ஏகாம்பரம் மாமா வண்டியில் தனியாக வந்துகொண்டிருந்தார். என் நண்பன் பூபாலனின் தாய்மாமன். கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

யாருக்கு வயிறு வலித்தாலும் மாமா குடலேற்றம் என்பார். விளக்கெண்ணெய் போட்டு உருவிவிடுவார். பக்கத்து வீட்டு ஜஸ்டினுக்குத் தொப்புளில் ஆரம்பித்த வலி வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கியது. "ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ அண்ணாத்தே" என்று கதறினான்.

"சும்மா கெட நைனா" என்று மாமா அழுத்தி உருவினார். திடீரென்று வலி நின்றது. மாமா மீசையை முறுக்கினார். குடல்வால் வெடித்ததால்தான் வலி நின்றது என்று பிறகு டாக்டர் சொன்னார். ஜஸ்டின் பிழைக்கவில்லை. நினைத்தால் இப்போதும் மாமாவை ஓங்கி அறையலாம் போல இருக்கிறது.

அது நடந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு வேகத்தடை வந்தது. வண்டி குலுங்கியது. பின்னால் யாரோ முனகினார்கள்...

அடுத்த வேகத்தடையில் இன்னும் சத்தமாக. விளக்கெண்ணெய் வாடை. பிசுபிசுத்த இரண்டு கைகள் சட்டைக்குள் நுழைந்தன. தொப்புளைத் தடவி... வலப்பக்கம் இறங்கி... அமுக்கின. பொறுத்துக்கொண்டார். சட்டென்று கை விலகியது. உயிரே போகிற வலி.

மாமா அலறினார். வண்டி சாய்ந்து அவரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனது. தோல் உரிந்தது. மல்லாந்து கிடந்தவரின் நெஞ்சில் ஏதோ ஏறி உட்கார்ந்தது. விரல்கள் அடிவயிற்றைக் குத்தின, பிசைந்தன, முறுக்கின. உள்ளே 'பொத்' என்று ஒரு சத்தம்.

காதோரம் குரல். "சும்மா கெட அண்ணாத்தே."

லாரிக்காரர் ஒருவர் பூந்தமல்லியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். டாக்டர் வயிற்றை மெல்ல அமுக்கிக் கையைச் சட்டென்று எடுத்தார். மாமா துள்ளினார். "அமுக்கும்போதைவிட எடுக்கும்போதுதான் வலிக்குது, குடல்வால்தான்." அறுத்தார்கள். வயிறு முழுக்கச் சீழ். எப்படியோ பிழைக்கவைத்தார்கள். அத்தை ஜெகதாம்பாள் வார்டு வாசலில் உட்கார்ந்து மாரியாத்தாவுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டாள்.

விடிவதற்குள் நர்ஸ் கோபமாக வெளியே வந்தாள்.

"ஏம்மா, உள்ள கீற பையன் யாரு? தையல் மேலயே அமுக்கினு கீறான். கைய எடுன்னா எடுக்க மாட்டேன்றான்."

"நான் தனியாத்தானே வந்தேன்..."

உள்ளேயிருந்து மாமா கெஞ்சுவது கேட்டது.

"எடுத்துடாத ஜஸ்டினு... கைய மட்டும் எடுத்துடாதப்பா..."