போர்வை முன்னால பறக்கும்

டொக்.

கேட்டுச்சா? ஒண்ணுமில்ல மேடம், உள்ள பென்சில் விழுந்துச்சு. விழட்டும். இப்பப் போனவன் கதை முடிஞ்சுது, அவ்வளவுதான். நீங்க உக்காருங்க. ஐயோ, அந்த நாற்காலி வேணாம், அதுல ஒரு கால் சொன்ன பேச்சு கேக்காது. இப்படிக் கட்டில்ல உக்காருங்க, துணிய ஒதுக்கிடறேன்.

படம் கொண்டாந்திருக்கீங்கல்ல? குடுங்க. உள்ள மேசை மேல வெச்சுட்டு வந்துடறேன்.

ஆங், வெச்சாச்சு. ஏன் உள்ளயா? நம்ம வழக்கம் அப்படி. கொஞ்ச நேரம் அங்க கிடக்கட்டும், அதுவரைக்கும் பேசிட்டிருப்போம். நான் தேச்சுக்கிட்டே பேசறேன், தப்பா நெனைக்காதீங்க. ராத்திரி வேலைக்கு யூனிபாரம். குளிர்கிடங்குல பெட்டி ஏத்தி எறக்கறது. சட்டை மேல ஸ்வெட்டரு, அதுக்கு மேல கோட்டு, தேச்ச சட்டைய எவன் பாக்கப் போறான்? சூப்பர்வைசர் பாப்பான். பத்து டன்னு சரக்கு மாறிப் போனாக் கண்ணுக்குத் தெரியாது அவனுக்கு, காலர்ல சுருக்கம் இருந்தாத் தெரியும்.

நோட்டீஸ் பாத்துதான வந்தீங்க? காமிக்ஸ் வரைய ஆள் தேவை, ஜிம் பாடி வரையறவங்க தயவுசெஞ்சு வர வேணாம்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தேன்ல. மொதல்ல வந்தவனே ஜிம் பாடிதான். அவன் ஒல்லி மேடம், ஊதினாப் பறந்துடுவான். அவன் வரையற ஆளுங்கதான் அப்படி. வயித்துல செங்கல் அடுக்கி வெச்ச மாதிரி. இது யாருப்பான்னேன். உங்க கனத்தான்தான்னான். எங்க கனத்தானுக்குத் தொப்பை இருக்குமேன்னேன். சூப்பர் ஹீரோவுக்குத் தொப்பை இருந்தா எவன்ணே வாங்குவான்னு எனக்கே பாடம் எடுக்கறான்.

நீங்க மூணு புத்தகத்தயும் படிச்சீங்களா? படிச்சீங்க. பரவால்ல, வந்தவங்கள்ல பாதிப் பேரு அட்டைய மட்டும் பாத்துட்டு வந்தவனுங்க. கனத்தான் எதத் தொட்டாலும் அதோட கனம் இவனுக்கு வந்துடும். பஸ்ஸத் தொட்டா பஸ்ஸு பஞ்சாயிடும், இவன் பஸ்ஸாயிடுவான். ஊரே கை தட்டும், தட்டிட்டு வீட்டுக்குப் போயிடும். இவன் வீட்டுக்கு வந்தா படி உடையும், கட்டில் உடையும், பாத்ரூம் டைல்ஸ் விரிசல் விடும், வீட்டுக்காரம்மா வந்து கத்தும். பெட்டி தூக்கறவனுக்குத் தெரியும் மேடம், கனம் எங்கயும் காணாமப் போறதில்ல. ஆள்தான் மாறும். அவனுக்குப் போயி வயித்துல செங்கல்!

இன்னொருத்தன் வந்தான், அவனுக்குக் கை வரைய வராது. வராதுன்னு சொல்லித் தொலைக்கலாம்ல? எல்லாக் கட்டத்துலயும் கனத்தான் பேண்ட் பாக்கெட்டுல கைய விட்டுக்கிட்டு நிக்கறான். இவன் தொட்டாத்தான்யா கதையே, பாக்கெட்டுக்குள்ள எதத் தொடுவான், சில்லறையவா? அப்புறம் ஒரு பெரிய மனுசன். கட்டம் முழுக்க மேகமும் கட்டடமும் வரைஞ்சு ரொப்பிட்டான். பேச்ச எங்கப்பா எழுதறதுன்னா, படமே பேசும்ணே, எழுத்து எதுக்குன்னான். எழுத்து எதுக்குன்னு எழுதறவன்கிட்டயே கேக்கறான் பாருங்க.

உங்களுக்கு முன்னால வந்துட்டுப் போனவன் அத விட. வரையவே இல்ல. மெஷினுகிட்டச் சொன்னானாம், அது போட்டுக் குடுத்துச்சாம். கட்டத்துக்கு ஒரு மூஞ்சி. ஒண்ணுல கனத்தான் மாப்பிள்ளை மாதிரி இருக்கான், அடுத்ததுல அவனுக்கே மாமனார் மாதிரி இருக்கான். ஒரே ஆளாப்பா இதுன்னேன். ரெண்டும் தனித்தனியா நல்லாருக்குல்ல அண்ணேன்னான்! அவன் படத்துக்குத்தான் நீங்க வரும்போது டொக்குன்னுச்சு. அது கிடக்கட்டும்.

நானா? நான் வரைஞ்சா மனுசன் எது மண்வெட்டி எதுன்னு தெரியாது. கதை மட்டுந்தான். பெட்டி அடுக்கிக்கிட்டே மனசுக்குள்ள ஓட்டுவேன். படிச்சுக் கிழிச்சதெல்லாம் இல்ல, கடையில பொட்டலம் கட்டி வர்ற பேப்பரு வரைக்கும் விடாமப் படிச்சுப் பழகினதுதான்.

பழைய ஆளா? மூணு புத்தகமும் வரைஞ்சது என் பொண்டாட்டியோட அண்ணன். கடைக்கு போர்டு எழுதற ஆளு. இப்ப வரையறதில்ல. அவரு மட்டும் என்ன பெரிய கொம்பா? சோம்பேறி. ஒரு பக்கம் கேட்டா ஒரு மாசம் இழுப்பாரு. போர்டு எழுதின கையில்ல, கனத்தான் நின்னாக்கூட எழுத்து நிக்கற மாதிரி நேரா நிப்பான். அப்புறம் அந்தப் போர்வை.

ஆமா, அதத்தான் சொல்ல வந்தேன். முதுகுல போர்வை கட்டிட்டு ஓடறான். எவன் ஓடினாலும் போர்வை பின்னாலதான பறக்கும்? எங்க ஆளுக்கு முன்னால பறக்கும். என்னாச்சுன்னா, மச்சான் மொதல்ல கனத்தான் இடது பக்கம் ஓடற மாதிரி போட்டுட்டாரு. போர்வைக்கு மையும் போட்டாச்சு. அப்புறந்தான் தோணியிருக்கு, படிக்கறவன் கண்ணு வலது பக்கம் போவுது, இவன் எதுக்க ஓடி வந்தா முட்டிக்குமேன்னு. ஆள மட்டும் அழிச்சுத் திருப்பிப் போட்டாரு. போர்வைய மறந்துட்டாரு. அப்படியே அச்சுக்குப் போயிடுச்சு.

யோவ் மச்சான், காத்தையே காலி பண்ணிட்டியேய்யான்னு குதிச்சேன். எழுதறவன் நீதான மாப்ள, காரணத்த எழுதுன்னாரு மனுசன், பீடிய பத்த வெச்சுக்கிட்டே. என்ன திமிரு பாருங்க! எழுதினேன். ரெண்டாவது புத்தகத்துல வரும் பாருங்க, கனத்தானால வேகமா வர முடியாது, கனம். அதனால போர்வை முன்னாடி போயி, இருங்க, வந்துக்கிட்டிருக்கான்னு சொல்லும். அதுக்கப்புறம் படிச்சவங்க எல்லாம் போர்வையத்தான் கேட்டாங்க. கதை எழுதின என்ன எவனும் கேக்கல.

நாலாவது பாதியில நிக்குது. இடிஞ்ச பாலத்தத் தூக்கி நிறுத்திட்டு கனத்தான் வீட்டுக்கு வர்றான், மாடிப்படி ஏறணும், ஒரு காலத் தூக்கிட்டான். அவ்வளவுதான். தூக்கின கால இன்னும் கீழ வைக்கல. அந்தப் பக்கத்தத்தான் நோட்டீஸோட சேத்துக் குடுத்து அடுத்த கட்டத்த வரைஞ்சுட்டு வாங்கன்னேன். வந்த அத்தனை பேரும் மொத வேலையா போர்வையப் பின்னால திருப்பிட்டானுங்க. அறிவாளிங்க.

நீங்க திருப்பல. உள்ள வைக்கப் போகும்போதே பாத்தேன். ஏன் திருப்பல?

இருந்தத இருந்தபடியே போட்டீங்களா? சரிதான். தவளைய அறுத்து வெச்சா இதயம் எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கந்தான போடுவீங்க. பாடப் புத்தகத்துல எத்தனை வருசமா வரையறீங்க? அடேயப்பா. அப்படின்னாலும் நான் படிக்கும்போது மீசை போட்டு விட்ட தவளை உங்களுதா இருக்காது, அதுக்கு முந்தினது.

இன்னொண்ணும் சொல்லிடறேன். அட்டையில உங்க பேரு வராது. மச்சான் பேருதான் வரும். இருங்க, எந்திரிக்காதீங்க. தெரியும், கோவம் வரும். உங்க தவளைக்குக் கீழ உங்க பேரப் போட்டாங்களான்னு கேக்கலாம், கேட்டா அது அநியாயம். புத்தகத்துக்குள்ள பெருசா உங்க பேரப் போடுவோம், கடைசிக் கட்டத்துக்குக் கீழயே போடுவோம். அட்டை மட்டும் அவருக்கு. மேடம், கொஞ்சம் உக்காருங்க.

இல்ல. பேச வேணாம். கேளுங்க.

இந்நேரம் பென்சில் விழுந்திருக்கணும். மத்தவங்களுக்கெல்லாம் இவ்வளவு நேரம் ஆனதே இல்ல.

உள்ள யாரா? மச்சான்தான். திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலியில உக்காந்திருக்காரு. வலது பக்கம் இழுத்துக்கிச்சு. பேச்சும் வரல. படத்த முன்னால வெப்பேன், பிடிக்கலன்னா இடது கையால பென்சிலத் தட்டி விடுவாரு. ஒவ்வொருத்தன் போன பிறகும் குனிஞ்சு குனிஞ்சு எடுத்து வைக்கறது நான். மொதல்லயே சொல்லியிருக்கலாம், சொன்னா பாவம்னு வரைவாங்க. பாவம்னு போட்ட கோடு அவருக்கு ஒரே பார்வையில தெரிஞ்சுடும்.

உஷ். என்ன அது?

உரசற சத்தம் மேடம். பேப்பர்ல. வேற எதுவும் இல்ல, பேப்பர்தான். உங்க படத்து மேலயே ஏதோ போடறாரு. கெடுத்துடுவாரு, இடது கையில நேர்கோடு கூட வராது, கோணல்மாணலாத்தான் வரும். பரவால்லையா? நெஜமாவா?

போயி எட்டிப் பாக்க வேணாம். பாத்தா நிறுத்திடுவாரு. திமிரு பிடிச்ச ஆளு.

அந்தத் தண்ணிக் கிண்ணத்த இப்படித் தள்ளுங்க. காலர் பாக்கி இருக்கு.