மெத்தையின் நீலம்

கொடியில் துணி காய்வதை வேடிக்கை பார்க்க எனக்கு அலுப்பே வராது சார். ஞாயிற்றுக்கிழமை என் மனைவி மொட்டைமாடியில் போர்வையை உதறிப் போடுவாள். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன். "ஊர்ல எல்லாரும் டிவி பாக்குறாங்க, இந்த மனுஷன் போர்வை பாக்குறார்" என்பாள். ஆளுக்கொரு கிறுக்கு என்று சிரித்துக்கொள்வேன்.

என் பிழைப்பும் அதுதான். மாயாஜால வீடியோ விளையாட்டுகளுக்காக ராணி, சூனியக்காரி, சிறகு முளைத்த வீரன் என்று கம்ப்யூட்டரில் உருவங்கள் செய்யும் கம்பெனி எங்களுடையது. அவர்கள் உடுத்தும் துணி என் பொறுப்பு. கனம் இவ்வளவு, வழவழப்பு இவ்வளவு, காற்று இந்தப் பக்கம் என்று சொல்லிக் கொடுத்தால், கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு அதை ஆட்டிக் காட்டும். சிமுலேஷன் என்போம். சில நாள் பாவாடை முழங்காலைத் தின்றுவிடும், தலைத்துணி தோளுக்குள் புகுந்துகொண்டு வர மாட்டேன் என்று அடம்பிடிக்கும். கெஞ்சிக் கூத்தாடி வழிக்குக் கொண்டுவருவேன். சந்தோஷமான வேலை சார்.

பக்கத்து நாற்காலியில் என் மச்சினன், மனைவியின் தம்பி. நான்தான் சிபாரிசு செய்து சேர்த்துவிட்டேன். அவன் லைட்டிங். என் துணிமேல் வெளிச்சம் போடுவது அவன் வேலை. கைராசிக்காரன். ஓரமாக ஒரு பொன்வெளிச்சம் வைப்பான், பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். "என்னமா லைட்டிங் பண்ணியிருக்கான்" என்பார்கள். அந்த வெளிச்சம் எதன்மேல் விழுந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை. வீட்டுப் பிள்ளைதானே.

கேலிதான் கொஞ்சம் ஜாஸ்தி. "மாமா, உங்க அங்கி கஞ்சி போட்ட சட்டை மாதிரி விறைச்சு நிக்குது. கவலைப்படாதீங்க, இருட்டுல தள்ளி மறைச்சுடறேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்வான். நானும் கூடச் சேர்ந்து வயிறு வலிக்கச் சிரிப்பேன். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் சிரிப்பேன்.

இந்த முறை ராணி கோபுரத்திலிருந்து மல்லாக்க விழ வேண்டும், சிவப்பு அங்கி விரிந்தபடி. தலைகீழாக நின்று பார்த்தேன். பிளாஸ்டிக் பை பறப்பது போல்தான் வந்தது. இப்படி மாட்டிக்கொண்டால் யாரையாவது நடிக்க வைத்து வீடியோ எடுத்து, அதைப் பார்த்துச் செய்வது எங்கள் தொழிலில் வழக்கம். மச்சினன் துள்ளி எழுந்தான். "நான் விழறேன் மாமா. ராணி வேஷம் எனக்குப் பொருந்தும்" என்றான்.

ஆபீஸ் பின்பக்கம் முதல் மாடியில் ஒரு கைப்பிடிச் சுவர் இருக்கிறது. கீழே சிமென்ட் தரை. அதன்மேல், உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து வாங்கி வந்த தடிமனான நீல மெத்தையைப் போட்டோம். சாயங்கால வெயில் வாகாகச் சாய்ந்து அடித்தது. நிஜச் சிவப்பு அங்கி ஒன்றைப் போர்த்திக்கொண்டு இடுப்பை ஒடித்து ஒரு நடை நடந்தான் பாருங்கள், சிரிப்பில் எனக்குக் கேமராவே கையில் நிற்கவில்லை. முதல் தடவை விழுந்தவன் மெத்தையில் துள்ளி எழுந்து, "ராணி செத்தாச்சு, டீ கொண்டு வாங்க" என்றான்.

வீடியோவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியதும் அவனேதான். "மெத்தையோட நீலம் அங்கியில அடிக்குது மாமா. சிவப்பு கெட்டுப்போய் ஊதாவாத் தெரியுது. இந்த மெத்தை மட்டும் இல்லேன்னா பிரமாதமா இருக்கும்." அவன் வாயால் சொன்னது சார். பதிவாகியிருக்கிறது, கேட்டுக்கொள்ளுங்கள்.

அவன் மறுபடி மேலே ஏறிக்கொண்டிருந்தபோது மெத்தையை எடுத்துவிட்டேன். கைப்பிடிச் சுவரில் முதுகைக் காட்டி உட்கார்ந்தபடி, "மெத்தை சரியா இருக்கா மாமா?" என்று கேட்டான்.

"இருக்கு, இருக்கு. திரும்பாத, மடிப்பு கலைஞ்சுடும்" என்றேன்.

திரும்பவில்லை. தொழில் தெரிந்தவன்.

அவன் முதலில் தரைக்கு வந்துவிட்டான். அங்கி அவசரப்படவில்லை. அதன் வால் மட்டும் மேலே குடை போல ஒரு கணம் நின்று, ஓரம் சுருண்டு, ஆடி அசைந்து இறங்கி அவன்மேல் படிந்தது. என் உடம்பெல்லாம் புல்லரித்தது சார், கைதட்ட வேண்டும் போலிருந்தது. ஆனால் அது முழுவதும் அடங்கும்வரை கேமராவை அசைக்கக் கூடாது. கடைசி மடிப்பு விழுவதில்தான் துணியின் கனமே தெரியும். நடுவில் "மாமா" என்று ஒரு தடவை கூப்பிட்டான். அடங்கியதும் போனேன். ஆம்புலன்சுக்குப் போன் செய்ததும் நான்தான்.

மனைவியிடம் சொல்லும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. அவள் இன்னும் என்னிடம் பேசவில்லை. பேசுவாள், விளையாட்டு வெளிவரட்டும். பெயர்கள் ஓடும் இடத்தில் தம்பி பெயரை முதலில் போடச் சொல்லியிருக்கிறேன்.

நீலம் அடிக்கிறது என்று எடுத்த மெத்தையைத் தூரக் கொண்டுபோகாமல், எதிர்ச் சுவரிலேயே ஏன் நிமிர்த்தி வைத்தீர்கள் என்று கேட்கிறீர்கள். கெட்டிக்காரர் சார் நீங்கள். கூர்ந்து பார்த்தால் அங்கியின் ஓரத்தில் இப்போதும் நீலம் இருக்கும். நிறத்தைப் பற்றி எனக்கு என்றைக்குமே கவலை கிடையாது. அது அவன் பாடு. எனக்கு வேண்டியது துணி. கீழே மெத்தை இருக்கிறது என்று நம்பி விழுகிறவன் மேல் துணி சோம்பலாகத்தான் விழும். பாதி வழியில், மெத்தை அதோ சுவரோரம் நிற்கிறது என்று அவன் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்தான். இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்து அங்கியை அள்ளிப் பிடித்தான். அந்தப் பிடியில் விழுந்த மடிப்பைப் பாருங்கள் சார். இனிமேல் யாரும் லைட்டிங்கைப் பற்றிப் பேச மாட்டார்கள்.